ஒன்றையொன்று தள்ளும் இலத்திரன்கள் செம்பு ஒட்சைட்டில் எப்படிச் சோடி சேர்கின்றன?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "இலத்திரன்கள் எல்லாம் மறையேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். பிறகு மீகடத்தியில் மட்டும் எப்படிச் சோடி சேர்கின்றன? அதிலும் செம்பு ஒட்சைட்டு பீங்கான் மாதிரியான சாமான். அதற்குள் தடையே இல்லாமல் ஓட்டம் எப்படிப் போகும்? இது அறை வெப்பநிலையில் வேலை செய்தால் மன்னார்க் காற்றாலை மின்சாரம் இழப்பில்லாமல் எங்களுக்கு வந்து சேருமா?" கேட்டவர் முல்லைத்தீவில் உயர்தரம் படிப்பதாக எழுதியிருக்கிறார். தம்பியோ தங்கச்சியோ தெரியாது, ஆகவே நீங்கள் என்றே எழுதுகிறேன். நீங்கள் கேட்பது மீகடத்தியில், அதாவது போதியளவு குளிராக்கினால் மின்தடை முழுதாக இல்லாமல் போகும் பொருளில், இலத்திரன்கள் சோடி சேர்வதைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லப் போனால், சோடி சேர முதல் அந்த இலத்திரன்கள் எந்த நிலையில் இருந்தன என்று சொல்ல வேண்டி வருகிறது. சிக்கல் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. சோடியைப் பற்றி நிறையத் தெரியும். அதற்கு முந்தைய நிலையைப் பற்றித்தான் நாற்பது வருடமாகச் சண்டை.

நான் பட்டப்பின் படிப்பில் இந்த ஒட்சைட்டுகளைச் சுட்டு, அவற்றின் தடையை அளந்தவன். இப்போது கிளிநொச்சியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கோட்பாட்டாளன் அல்ல. அளந்து நிரூபித்த விடயங்களை அடித்துச் சொல்வேன். கோட்பாட்டுக்காரர்களின் வழக்கில் நான் பார்வையாளன், எனக்கென்று ஒரு சாய்வு இருந்தாலும்.

முதலில் பழைய மீகடத்திகள். 1911இல் லைடனில் கமர்லிங் ஒன்னஸ் இரசத்தைக் குளிராக்கிக்கொண்டு போனபோது 4.2 கெல்வினில் அதன் தடை திடீரென்று இல்லாமல் போனது. ஏன் என்று சொல்ல 1957 வரை, பார்டீன், கூப்பர், ஸ்ரீஃபர் மூவரும் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களின் விளக்கம் இது. நேரயன்களுக்கு நடுவே ஓர் இலத்திரன் போகும்போது அவற்றைச் சற்றுத் தன் பக்கம் இழுக்கிறது. அயன் பாரமானது, இழுபட்டால் பழைய இடத்துக்குத் திரும்பச் சுணங்கும். இலத்திரன் போன பிறகும் அந்த இடத்தில் நேரேற்றம் கொஞ்சம் கூடி நிற்கும். பின்னால் வரும் இலத்திரனை அது இழுக்கும். அதற்குள் முதலாவது வெகுதூரம் போய்விட்டது, இடையில் உள்ள மற்ற இலத்திரன்களும் தள்ளுவிசையை மறைத்துவிடுகின்றன. அதாவது இரண்டும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வருகின்றன. தள்ளுவிசையை நேரத்தால் ஏமாற்றுகிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சாட்சியும் இருந்தது: அதே மூலகத்தின் பாரம் கூடிய சமதானியை எடுத்தால் மீகடத்தும் வெப்பநிலை குறைந்தது. அயன் அசைவதில்தான் விடயம் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் அயன் அதிர்வை நம்பினால் மிக உயர்ந்த வெப்பநிலைக்குப் போக முடியாது என்ற எண்ணமும் கூடவே வந்தது. 1973இல் 23 கெல்வினுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். 1986இல் சூரிச் அருகேயுள்ள ஐ.பி.எம் ஆய்வுகூடத்தில் பெட்னோர்ஸும் மியூல்லரும் இலந்தனம், பேரியம், செம்பு சேர்ந்த ஓர் ஒட்சைட்டில் 30 கெல்வினுக்கு மேலேயே தடை விழத் தொடங்குவதைக் கண்டார்கள். அடுத்த வருடம் இலந்தனத்துக்குப் பதில் இற்றியம் போட்ட ஒட்சைட்டு 93 கெல்வினுக்கு ஏறியது. அந்த 1987இலேயே இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 93 ஏன் பெரிய விடயம் என்றால், திரவ நைதரசன் கொதிப்பது 77 கெல்வினில், அதாவது மறை 196 பாகை செல்சியசில். திரவ ஹீலியம் எங்களைப் போன்ற இடங்களில் கனவு. திரவ நைதரசன் அப்படியில்லை: மாடுகளுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்யும் கால்நடை வைத்திய அலுவலகத்தில், உறைவிந்து வைத்திருக்கும் அந்த அலுமினியக் கலனைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும்புமே, அதுதான். ஒரு சின்ன ஒட்சைட்டு வில்லையை மீகடத்தியாக்க அதில் ஒரு கோப்பை காணும்.

அந்த வில்லை எப்படி வருகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் "பீங்கான்" சந்தேகத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது. இற்றியம் ஒட்சைட்டு, பேரியம் காபனேற்று, செம்பு ஒட்சைட்டு மூன்றையும் நிறுத்து எடுத்து, அகேற் கல் உரலில் கை வலிக்க வலிக்க அரைத்து, 900 பாகைக்கு மேலே உலையில் சுட்டு, திரும்ப அரைத்து, அமத்தி வில்லையாக்கித் திரும்பச் சுடுவோம். சரியாக வந்தால் நல்ல கறுப்பு. உடைத்துப் பார்க்கும்போது உள்ளே பச்சை தெரிந்தால் அது வேறு சேர்வை, மீகடத்தாது. கறுப்பாக வந்தாலும் முடியவில்லை. அதை ஒட்சிசன் ஓட்டத்தில் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும், 450 பாகையளவில் நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். மூன்று செம்பு அணுவுக்கு ஏறக்குறைய ஏழு ஒட்சிசன் இருந்தால் 93 கெல்வின். ஒட்சிசன் ஆறாகக் குறைந்தால் அதே வில்லை காவலி. உலோக அணு ஒன்றுகூட மாறவில்லை. ஒட்சிசனைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தே காவலியிலிருந்து மீகடத்திக்கும் மறுபடி காவலிக்கும் போகலாம். ஆகவே "பீங்கான் எப்படிக் கடத்தும்" என்பதைவிட, இது முதலில் ஏன் காவலியாக இருந்தது என்று கேட்பதுதான் பயன்.

இந்தக் குடும்பத்து ஒட்சைட்டுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது செம்பும் ஒட்சிசனும் மட்டும் உள்ள தட்டையான தளங்கள். சதுரத்தின் மூலைகளில் செம்பு, ஒவ்வோர் இரண்டு செம்புக்கும் நடுவே ஓர் ஒட்சிசன். மற்ற அணுக்கள் தளங்களுக்கிடையே நின்று இலத்திரன் கொடுத்து வாங்குகின்றன. செம்பு இங்கே இரண்டு நேரேற்றம் உடையது. அதன் டி ஒபிற்றல்களில் பத்துக்கு ஒன்று குறைய ஒன்பது இலத்திரன். அதாவது ஒவ்வொரு செம்பிலும் சோடியில்லாத இலத்திரன் ஒன்று. சாதாரணப் பட்டைக் கோட்பாட்டின்படி இலத்திரன்களின் சக்திப் பட்டை பாதிதான் நிரம்பியிருப்பதால் இது நல்ல கடத்தியாக இருக்க வேண்டும். இருப்பதோ ஏறக்குறைய 2 இலத்திரன்வோற்று இடைவெளியுள்ள காவலி. அறை வெப்பநிலையின் வெப்பச் சக்தி 0.025 இலத்திரன்வோற்றுத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். காரணம் பிரித்தானியப் பௌதிகவியலாளர் நெவில் மொட் முன்பே சொன்னதுதான்: ஓர் இலத்திரன் பக்கத்துச் செம்புக்குத் தாவினால் அங்கே இரண்டு இலத்திரன் ஒரே ஒபிற்றலில் இருக்க வேண்டி வரும், அந்தத் தள்ளுவிசைக்குக் கொடுக்க வேண்டிய சக்தி மிக அதிகம். ஆகவே எல்லோரும் அவரவர் இடத்திலேயே நிற்கிறார்கள். நீங்கள் கேட்ட தள்ளுவிசை இங்கே சின்ன இடைஞ்சலாக இல்லை, நாட்டாமையே அதுதான்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பதை வைத்து இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை, இடைவெளியே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் வடக்கும் தெற்குமாக எதிரெதிர்த் திசை பார்க்கிறார்கள். திசை என்பது இங்கே ஸ்பின், அதாவது ஒவ்வோர் இலத்திரனையும் ஒரு குட்டிக் காந்தம் போல ஆக்கும் இயல்பு. ஏன் எதிரெதிர்? இலத்திரன் முழுதாகத் தாவ முடியாவிட்டாலும் கணநேரம் பக்கத்து இடத்துக்குப் போய்த் திரும்பினால் அதன் சக்தி கொஞ்சம் குறையும். ஒரே ஸ்பின் உள்ள இரண்டு ஒரே ஒபிற்றலில் இருக்க முடியாது என்கிறது பவுலியின் தவிர்க்கைத் தத்துவம். ஆகவே எதிர் ஸ்பின் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. இந்தப் பரிமாற்ற விசையின் பலம் 0.13 இலத்திரன்வோற்று அளவு, வெப்பநிலைக் கணக்கில் 1500 கெல்வின். நியூத்திரன் சிதறலால் இதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். இப்போது ஒரு பிள்ளை மைதானத்தை விட்டுப் போகட்டும். பக்கத்துப் பிள்ளை அந்த வெற்றிடத்துக்கு நகரலாம், ஆனால் முகத்தைத் திருப்பாமல் நகரும். வடக்குப் பார்க்க வேண்டிய கட்டத்தில் இப்போது தெற்குப் பார்க்கும் பிள்ளை. வெற்றிடம் நகர நகரப் பின்னால் தவறான திசையில் நிற்பவர்களின் தடம் நீளும். இரண்டாவது வெற்றிடம் ஒன்று அதே வழியால் பின்தொடர்ந்தால் அந்தத் தடம் சரியாகிவிடும். இரண்டும் சேர்ந்து போவதில் இலாபம் இருக்கிறது என்பதற்கு இது ஓர் ஆரம்பக் குறிப்பு. அதற்கு மேல் இந்த உவமையை இழுக்காதீர்கள். உண்மையான ஸ்பின்கள் பிள்ளைகளைப் போல ஒரே திசையை உறுதியாகப் பார்ப்பதில்லை, தாமாகவே சோடி சோடியாகப் புரண்டு தடத்தின் ஒரு பகுதியை அழித்தும் விடுகின்றன.

வெற்றிடம் உண்டாக்குவதுதான் மாசூட்டல். இலந்தன ஒட்சைட்டில் சில இலந்தனங்களுக்குப் பதில் ஸ்ரொன்சியம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தளத்தில் ஓர் இலத்திரன் குறையும். இற்றிய ஒட்சைட்டில் நாங்கள் ஒட்சிசன் ஏற்றியதும் இதே வேலைக்குத்தான். இப்படி உண்டாகும் வெற்றிடம், அதாவது துளை, பெரும்பாலும் செம்பில் இருப்பதில்லை, சுற்றியுள்ள ஒட்சிசன்களில் இருக்கிறது. எக்ஸ் கதிர் அளவீடுகள் இதில் தெளிவு. நூறு செம்புக்கு 2 துளை வந்ததும் வடக்கு-தெற்கு ஒழுங்கு குலைந்துவிடும். 5 அளவில் மீகடத்தல் தொடங்கி, 16 அளவில் உச்சம் தொட்டு, 27 அளவில் இல்லாமல் போகும்.

இனிச் சந்தேகமே இல்லாத இரண்டு விடயம். ஒன்று, இங்கேயும் ஓட்டத்தைக் காவுவது இலத்திரன் சோடிதான். மீகடத்தி வளையத்துக்குள் அடைபடும் காந்தப் பாயம் பிளாங்கின் மாறிலியை இரண்டு இலத்திரன் ஏற்றத்தால் வகுத்த அளவின் மடங்காகத்தான் வருகிறது. 1987இலேயே இதை அளந்துவிட்டார்கள். இரண்டாவது, அந்தச் சோடியின் வடிவம். பழைய மீகடத்தியில் சோடியின் அலைச்சார்பு எல்லாத் திசையிலும் ஒரே குறி. இங்கே செம்பு-ஒட்சிசன் பிணைப்பின் ஒரு திசையில் நேர், அதற்குச் செங்குத்தான திசையில் மறை, நடுவே மூலைவிட்டங்களில் பூச்சியம். டி ஒபிற்றலின் நாலு இதழ் படம் போட்டிருப்பீர்களே, அதே வடிவம். 1994இல் ஐ.பி.எம்மில் சூயெயும் கேர்ட்லியும் மூன்று பளிங்குத் துண்டுகள் வெவ்வேறு கோணத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் செய்தார்கள். சோடி டி வடிவம் என்றால் வளையத்தைச் சுற்றி வரும்போது குறி ஒருமுறை மாறியே ஆகவேண்டும். அதைச் சமாளிக்க வளையம் தானாகவே, மேலே சொன்ன அளவில் அரைவாசியான, அரைப் பாயம் ஒன்றை உண்டாக்கவேண்டும். சரியாக அந்த அரைப் பாயம் அங்கே இருந்தது. இந்தத் துறையில் இவ்வளவு அழகான பரிசோதனை எனக்கு வேறு தெரியாது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. டி அலைச்சார்பு நடுப் புள்ளியில் பூச்சியம். அதாவது சோடியின் இரண்டு இலத்திரனும் ஒரே செம்பில் ஒருபோதும் சேர்ந்து இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துச் செம்புகளில் இருக்கின்றன. பழைய மீகடத்தியில் இலத்திரன்கள் தள்ளுவிசையை நேரத்தால் தவிர்த்தன, இங்கே இடத்தால் தவிர்க்கின்றன. தள்ளுவிசை அப்படியே இருக்கிறது. அது தடுப்பது ஒரே இடத்தில் சேர்வதை மட்டும்தான். சோடியும் சிறியது, தளத்துக்குள் 15 முதல் 20 அங்ஸ்ரம்வரை, அதாவது நாலைந்து செம்பு தூரம். அலுமினியத்தில் ஒரு சோடி ஒரு மைக்ரோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும்.

சரி, பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைப்பது எது? இங்கிருந்து நான் "உறுதி" என்ற சொல்லைப் பாவிக்கமாட்டேன். பெரும்பாலானோர் கை காட்டுவது நான் மேலே சொன்ன பரிமாற்ற விசையை. எதிர் ஸ்பின் உள்ள இருவரைப் பக்கத்தில் வைக்க விரும்பும் விசை அது, பலமும் போதும், அதிலிருந்து கணக்குப் போட்டால் டி வடிவம் தானாகவே வருகிறது. கோட்பாட்டாளர் பிலிப் அன்டர்சன் 1987இலேயே இன்னும் துணிந்து சொன்னார்: காவலி நிலையிலேயே ஸ்பின்கள் சோடி சோடியாக இருக்கின்றன, துளைகள் வந்ததும் அந்தச் சோடிகள் நகரத் தொடங்குகின்றன, அவ்வளவுதான். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிசுமது கலந்த செம்பு ஒட்சைட்டின் தளத்தில் இடத்துக்கு இடம் இலத்திரன் செம்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையே தாவும் சக்தியையும் சோடிகளின் அடர்த்தியையும் அளந்து ஒப்பிட்டது. ஒன்று கூடும்போது மற்றது குறைந்தது, பரிமாற்ற விசைக் கணக்கு சொன்னபடியே. என் சாய்வும் இந்தப் பக்கம்தான். ஆனால் அயன் அதிர்வுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. சமதானியை மாற்றினால் உச்ச மாசூட்டலில் ஒன்றும் பெரிதாக ஆகாது, துளை குறைந்த பக்கம் போனால் விளைவு நன்றாகவே தெரிகிறது. அதிர்வுக்காரர்கள் இதைக் காட்டி வாதாடும்போது மற்றவர்கள் கொஞ்சம் மௌனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கடினமானது சோடி சேர முந்திய நிலை. நல்ல வில்லை ஒன்றில் வெள்ளிப் பசையால் நாலு கம்பி ஒட்டி, வெளி இரண்டால் ஓட்டம் விட்டு, உள் இரண்டில் அழுத்த வேறுபாட்டை அளந்து வரைபு கீறினால், அறை வெப்பநிலையிலிருந்து 93 கெல்வின்வரை அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு நேர்கோடு. அந்த நேர்கோட்டைப் பார்த்துப் பிள்ளைகள் "என்ன சேர், சாதாரணமாகத்தானே இருக்கு" என்பார்கள். சாதாரணமே இல்லை. ஸ்ரொன்சியம் கலந்த இலந்தன ஒட்சைட்டில் இந்தக் கோடு 1000 கெல்வின்வரை கிட்டத்தட்ட அப்படியே போகிறது. இலத்திரன் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே போகும் தூரம் அணுக்களின் இடைவெளியைவிடக் குறைந்தால் தடை கூடுவது நின்றுவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. இங்கே நிற்கவில்லை. மோதல்களுக்கு இடையிலான நேரமோ, பிளாங்கின் மாறிலியை 2π ஆல் வகுத்து, அதை வெப்பச் சக்தியால் வகுத்தால் வரும் நேரத்துக்குக் கிட்ட இருக்கிறது. அறை வெப்பநிலையில் அது ஒரு செக்கனின் நாற்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு விரைவாக மோதிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தனித்தனி இலத்திரன் என்று சொல்வதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. இதை விசித்திர உலோகம் என்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கோட்பாடு இதற்கு இன்னும் இல்லை.

துளை குறைந்த பக்கத்தில் இன்னொரு புதிர். மீகடத்தல் தொடங்க வெகு முன்பே, மேலான வெப்பநிலையிலேயே, சில திசைகளில் ஓடும் இலத்திரன்கள் காணாமல் போகின்றன. 1989இல் கருக்காந்தப் பரிவு அளவீட்டில் இதன் அறிகுறி முதலில் தெரிந்தது. சோடிகள் முன்பே சேர்ந்துவிட்டன, ஒருமித்து ஓட மட்டும் பிந்துகின்றன என்று ஒரு கட்சி. இல்லை, மீகடத்தலோடு போட்டி போடும் வேறோர் ஒழுங்கு என்று மறு கட்சி. 1995இல் இலந்தன ஒட்சைட்டில் துளைகள் வரிவரியாக அடுக்கி நிற்பதை நியூத்திரனால் கண்டார்கள், எட்டுச் செம்புக்கு ஒரு துளை இருக்கும்போது மீகடத்தல் படுத்துவிடுகிறது. 2007இல் பலமான காந்தப்புலத்தில் இற்றிய ஒட்சைட்டை அளந்தபோது ஓடும் இலத்திரன்களின் சிறு கூட்டம் மட்டும் தெரிந்தது. துளை மிகுந்த பக்கத்திலோ எல்லா இலத்திரன்களும் ஓடுகின்றன, பாடநூல் உலோகம் மாதிரியே. ஒரு முனையில் கட்டிப்போட்டது போல் நின்றவை மறு முனையில் விடுதலையாகிவிட்டன. நடுவில் எந்த இடத்தில், எப்படி? அங்கேதான் மீகடத்தலும் உச்சத்தில் இருக்கிறது, அதுவே எல்லோருக்கும் தலையிடி.

கணினியில் போட்டுத் தீர்க்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்கான எளிய மாதிரி 1963இலிருந்து இருக்கிறது, ஹபாட் மாதிரி என்பார்கள். தாவும் பலம் ஒன்று, ஒரே இடத்தில் இருவர் இருந்தால் தள்ளும் பலம் ஒன்று, வேறொன்றும் இல்லை. இரு பரிமாணத்தில் இதைத் துல்லியமாகத் தீர்த்தவர் இன்றுவரை இல்லை. 2020இல் வந்த கவனமான கணிப்பு ஒன்று, பக்கத்து இடத்துக்கு மட்டும் தாவவிட்டால் மீகடத்தல் வராது, வரிகள்தான் வரும் என்றது. மூலைவிட்டத்தால் தாவுவதையும் சேர்த்தால் மீகடத்தல் வருகிறது என்று 2024இல் காட்டினார்கள். கோட்பாடு நகர்கிறது, மெதுவாக.

கடைசியாக மன்னார்க் காற்று. சாதாரண அமுக்கத்தில் செம்பு ஒட்சைட்டின் உச்சம் 1993இல் இரசம் கலந்த ஒட்சைட்டில் கண்ட 130 கெல்வின் சொச்சம். அதற்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை. ஐதரசன் மிகுந்த சேர்வைகள் 2019இல் 250 கெல்வின்வரை போயின, ஆனால் வளியமுக்கத்தின் பதினைந்து இலட்சம் மடங்குக்கு மேல் அமத்தினால்தான். 2023இல் பேஸ்புக் எல்லாம் சுற்றிய எல்.கே.-99 மீகடத்தியே அல்ல; அதிலிருந்த செம்பு சல்பைட்டு என்ற மாசு தன் வடிவத்தை மாற்றும் வெப்பநிலையில் தடை விழுந்ததை மீகடத்தல் என்று எடுத்துவிட்டார்கள். கம்பி செய்வதிலும் டி வடிவம் பழி வாங்குகிறது: அடுத்தடுத்த பளிங்குத் துகள்கள் சில பாகைக்கு மேல் சாய்ந்து நின்றால் அவற்றைத் தாண்டும் ஓட்டம் மளமளவென்று குறையும், ஆகவே எல்லாத் துகளையும் ஒரே திசையில் அடுக்கி நாடாவாகச் செய்ய வேண்டும், விலை ஏறும். ஜேர்மனியின் எஸன் நகரில் 2014இல் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் பிசுமது ஒட்சைட்டுக் கேபிள் ஒன்று திரவ நைதரசனில் போட்டு நகரத்துக்கு மின் கொடுத்தார்கள். இடம் நெருக்கமான நகரத்துக்கு அது சரி. மன்னார்த் தீவிலுள்ள 103.5 மெகாவாற்றுக் காற்றாலையிலிருந்து காடும் வயலும் தாண்டி முல்லைத்தீவுவரை நைதரசன் குளிர்விப்பு நிலையங்களோடு கேபிள் போட்டால், குளிராக்கச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தடை பூச்சியம் என்பதும் நேரோட்டத்துக்குத்தான். ஆடலோட்டத்தில் மீகடத்தியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. இன்றைக்கு அந்தத் தூரத்துக்கு இழப்பைக் குறைக்க மலிவான வழி மின்னழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைப்பதுதான், அந்தக் கணக்கு உங்கள் உயர்தரப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.